சிறு நாடகத்தைச் சுவைப்பது எப்படி?



நாடகம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது விடிய விடிய நடக்கும் ஆட்டந்தான். இலங்கை மலையகத் தோட்டங்களிலே காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் முதலிய கூத்துகள் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வந்திருக்கின்றன. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலே மாரியம்மன் திருவிழா என்றால் நாடகமும் உண்டு. பாய் கொண்டுபோய் விரித்து, குழந்தைகளைப் பக்கத்தில் தூங்க வைத்துவிட்டு, பார்க்கிறவர்கள் பார்ப்பார்கள். கண் அயர்கிறவர்கள் அயர்ந்துவிட்டு மீண்டும் எழுந்து பார்ப்பார்கள். நடுவே ஒரு மணி நேரம் தூங்கினாலும் கதை விட்டுப்போகாது. ஏனெனில் கதை நமக்கு முன்பே தெரிந்த கதை.

இன்று நாம் பேசப்போவது இதற்கு நேர்மாறான ஒரு நாடக வகையைப் பற்றி. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம், மிஞ்சினால் அரை மணி நேரம். மூன்று நான்கு நடிகர்கள், சில சமயம் ஒரே ஒருவர். திரை இல்லை, காட்சி மாற்றம் இல்லை. இதை ஓரங்க நாடகம் என்பார்கள். குறு நாடகம் என்றும் சொல்வார்கள். இங்கே கண் அயர்ந்தால் எழும்போது நாடகம் முடிந்துபோயிருக்கும். இத்தகைய நாடகம் எதனால் நன்றாக அமைகிறது? அதை எப்படிப் பார்த்துச் சுவைப்பது? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை காண முயல்வோம்.

முதலில், இது ஏன் நமக்கு வேண்டியது என்று பார்த்துவிடுவோம். சிங்கப்பூரின் வடகோடியில், ஜொகூர் பாலத்துக்கு அருகே, மார்சிலிங் என்று ஓர் இடம் இருக்கிறது. ரப்பரும் அன்னாசியும் பயிரிட்டுப் பெருஞ்செல்வரான லிம் நீ சூன் என்பவருடைய தோட்டம் இருந்த பகுதி அது. சீனாவில் இருந்த தம் மூதாதையரின் ஊர்ப் பெயரையே அதற்கு அவர் வைத்தார். இன்று அங்கே பால்மரம் இல்லை. அடுக்குமாடி வீடுகளும், பள்ளிகளும், மார்சிலிங் என்ற பெயரிலேயே ஒரு ரயில் நிலையமும் இருக்கின்றன. சிங்கப்பூரில் மட்டுமா? மலேசியாவிலும் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயம் போனது, லயத்துக்கு முன்னால் இருந்த திடல் போனது, திடலில் போட்ட கொட்டகையும் போனது. விடிய விடிய நாடகம் நடத்த இடமும் இல்லை, மறுநாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரமும் இல்லை.

ஆனால் நம்மிடம் சொல்ல வேண்டிய செய்தி குறைந்துவிட்டதா என்றால், இல்லை. தோட்டத்தை விட்டு வந்தவர்களின் கதை, இன்னும் தோட்டத்திலேயே இருப்பவர்களின் கதை, பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் படிக்காத பெற்றோருக்கும் இடையே நடக்கும் கதை இவையெல்லாம் நம்மைத் தவிர வேறு யார் வாயிலிருந்து வரும்? சிறு நாடகத்துக்கு நான்கு பேரும், அடுக்குமாடி வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு மூலையும், ஒரு மாலைப்பொழுதும் போதும். ஆதலால் இது நம் கைக்கு எட்டிய கலை.

கைக்கு எட்டியது என்பதால் எளிது என்று எண்ணிவிடக் கூடாது. நெடிய நாடகத்தைச் சுருக்கினால் சிறு நாடகம் ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மூன்று மணி நேரக் கதையைப் பத்து நிமிடத்துக்குள் அடைத்தால், நடிகர்கள் மேடைக்கு ஓடி வருவதையும் ஓடிப் போவதையும்தான் நாம் பார்ப்போம். சிறு நாடகம் வாழ்க்கையை முழுவதும் காட்டாது. ஒரு வாழ்க்கை திரும்புகிற ஒரே ஒரு முனையை மட்டும் காட்டும். மீதியைப் பார்ப்பவர்கள் தம் மனத்தில் நிரப்பிக்கொள்வார்கள். சிறு நாடகத்தில் பாதி வேலை பார்ப்பவருடையது. இதுதான் இன்று நாம் மனத்தில் வைக்க வேண்டிய ஒரே செய்தி. இதைச் சில உண்மையான நாடகங்களைக் கொண்டு விளக்குவோம்.

1978ஆம் ஆண்டு. டில்லியில் ஜன நாட்டிய மஞ்ச் என்ற நாடகக் குழு இருந்தது. பெரிய நாடகங்களை மேடையேற்றப் பணம் இல்லை; அழைத்து நடத்தத் தொழிற்சங்கங்களிடமும் பணம் இல்லை. பெரிய நாடகம் மக்களிடம் போக முடியாவிட்டால் சிறிய நாடகத்தைக் கொண்டுபோவோம் என்று அந்த இளைஞர்கள் முடிவு செய்தார்கள். டில்லியை அடுத்த காசியாபாத்தில் ஒரு தொழிற்சாலையின் தொழிலாளர்கள் இரண்டே இரண்டு வசதிகள் கேட்டார்கள்: சைக்கிள் நிறுத்த ஓர் இடம், தேநீர் குடிக்க ஓர் உணவுக்கூடம். அவை மறுக்கப்பட்டன. வேலைநிறுத்தம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இந்தச் செய்தியிலிருந்து பிறந்ததுதான் 'மெஷின்' என்ற தெரு நாடகம். சப்தர் ஹாஷ்மியும் ராகேஷ் சக்சேனாவும் எழுதியது. நடக்கும் நேரம் ஏறத்தாழ 13 நிமிடந்தான்.

நாடகம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? நடிகர்கள் நெருங்கி நின்று தங்கள் உடல்களையே ஓர் இயந்திரமாக்குகிறார்கள். ஒருவர் கை மேலும் கீழும் போகிறது. இன்னொருவர் உடல் முன்னும் பின்னும் அசைகிறது. வாயாலேயே இயந்திரத்தின் ஓசை எழுப்புகிறார்கள். திடீரென்று இயந்திரம் நின்றுவிடுகிறது. ஏன் நின்றது? அவ்வளவுதான், நாடகம் பிறந்துவிட்டது. ஆலை மதில் வேண்டாம், சக்கரம் வேண்டாம், புகைபோக்கி வேண்டாம். ஓடிக்கொண்டிருந்த ஒன்று நின்றதும், ஏன் என்ற கேள்வி பார்ப்பவர் மனத்தில் தானாக எழுகிறது. இயந்திரம் என்று நாம் எண்ணியது உண்மையில் மனிதர்கள் என்பதும் அந்த நொடியிலேயே புரிந்துவிடுகிறது. இதைச் சொற்பொழிவாகச் சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

இந்தக் குழுவின் பிற்கால வரலாறும் நாம் அறியத்தக்கது. 1989 ஜனவரி 1 அன்று, டில்லிக்கு அருகே ஜண்டாபூர் என்ற தொழிலாளர் குடியிருப்பில் 'ஹல்லா போல்' என்ற தெரு நாடகத்தை நடத்திக்கொண்டிருந்தபோது இக்குழு தாக்கப்பட்டது. சப்தர் ஹாஷ்மி மறுநாள் இறந்தார். ஜனவரி 4 அன்று அவருடைய மனைவி மலயஸ்ரீயும் தோழர்களும் அதே இடத்துக்குத் திரும்பிச் சென்று, பாதியில் நின்ற அந்த நாடகத்தை நடித்து முடித்தார்கள். சிறு நாடகம் என்பது பொழுதுபோக்குக்கான சில்லறைச் சரக்கு என்று யாராவது சொன்னால், இந்த நான்கு நாள்களை நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, சிங்கப்பூரிலேயே பிறந்த ஒரு நாடகத்தைப் பார்ப்போம். குவோ பாவ் குன் என்ற புகழ்பெற்ற நாடகாசிரியர் 1984இல் எழுதியது. குழியைவிடச் சவப்பெட்டி பெரிது என்பதே அதன் தலைப்பின் பொருள். மேடையில் ஒரே ஒருவர் நின்று தம் தாத்தாவின் சவ அடக்கத்தைப் பற்றிச் சொல்கிறார். தாத்தாவின் பெட்டி பழைய காலத்துப் பெரிய பெட்டி. இடுகாட்டில் வெட்டியிருக்கும் குழியோ எல்லாருக்கும் ஒரே அளவு. பெட்டி இறங்கவில்லை. உறவினர்கள் சூழ நிற்கிறார்கள். பேரன் அதிகாரியிடம் போகிறார். அதிகாரியோ ஓர் ஆளுக்கு ஒரு குழி என்ற விதியைச் சொல்கிறார். கடைசியில் விதிவிலக்காக அனுமதி கிடைக்கிறது, அடக்கமும் நடந்துவிடுகிறது. ஆனால் பேரனுக்கு அந்த நினைவு ஓயவில்லை. எல்லாக் குழிகளும் ஒரே அளவாக இருந்தால், நாளை தம் பேரப் பிள்ளைகள் தம்மை எப்படி அடையாளம் கண்டு வருவார்கள் என்ற எண்ணம் அவரை வாட்டுகிறது.

நாடகம் எங்கே தொடங்குகிறது என்று கவனியுங்கள். தாத்தாவின் பிறப்பு, வளர்ப்பு, சம்பாத்தியம் எதுவும் விரிவாக இல்லை. பெட்டி குழியின் வாயில் நிற்கிற அந்தச் சங்கடந்தான் நாடகத்தின் உயிர். இன்னொன்றையும் கவனியுங்கள். அதிகாரி கொடியவர் அல்லர். நிலம் குறைந்த நாட்டில் விதி தேவைதான். பேரனும் முரடர் அல்லர். தாத்தாவைத் தக்கபடி அடக்கம் செய்ய வேண்டும் என்பதும் நியாயந்தான். இரண்டு நியாயங்கள் ஒரு குழியின் ஓரத்தில் மோதுகின்றன. தோட்டத்தில் பிறந்து அடுக்குமாடிக்கு வந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. லயத்துத் திண்ணையில் வைத்திருந்த அம்மி, ஆட்டுக்கல், சாமி மாடம் எல்லாவற்றையும் இரண்டறை வீட்டுக்குள் எப்படி வைப்பது என்று திகைத்தவர்கள் இந்த நாடகத்தை உடனே புரிந்துகொள்வார்கள்.

அவரே 1988இல் மேடையேற்றிய இன்னொரு நாடகம், பூனையைத் தேடும் ஓர் அம்மாவைப் பற்றியது. அந்தத் தாய்க்கு ஹொக்கியன் மொழி மட்டுமே தெரியும். பிள்ளைகள் பள்ளிக்குப் போய் ஆங்கிலமும் மாண்டரினும் பேசப் பேச, தாய்க்கும் அவர்களுக்கும் இடையே பேச்சு அற்றுப்போகிறது. அவளுக்குத் துணை ஒரு பூனை. அது காணாமற்போக, தேடிப் போகிறாள். வழியில் ஓர் இந்திய முதியவரைச் சந்திக்கிறாள். அவரும் தம் பூனையைத் தேடி வந்தவர். அவர் தமிழில் பேசுகிறார். இவள் ஹொக்கியனில் பேசுகிறாள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆயினும் கையாலும் முகத்தாலும் இருவரும் தத்தம் பூனையைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறார்கள், புரிந்தும் கொள்கிறார்கள். சொந்தப் பிள்ளைகளோடு பேச முடியாதவள், அயல்மொழிக்காரரோடு பேசிவிடுகிறாள். இது நெடிய நாடகத்தின் ஒரு பகுதிதான் என்றாலும், தனியே எடுத்துப் பார்த்தால் குறையொன்றுமில்லாத சிறு நாடகம். பேச்சு இல்லாமலும் நாடகம் நடக்கும் என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

நம் தமிழ் வானொலிக்கும் இதில் பங்குண்டு. சிங்கப்பூரில் அடுக்குமாடி வாழ்க்கை பெருகிவந்த காலத்தில், புதுமைதாசன் என்ற புனைபெயர் கொண்ட பி. கிருஷ்ணன் எழுதிய 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' என்ற வானொலி நாடகத்தைத் தமிழ்க் குடும்பங்கள் விரும்பிக் கேட்டன. 2008இல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் வழங்கப்பட்டது. 1988இல் தொடங்கிய ரவீந்திரன் நாடகக் குழு, 'பத்தே நிமிடம்' என்ற பெயரிலேயே சிறு நாடகங்களுக்கு இடம் தந்திருக்கிறது. 2002இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் தொடங்கிய 'ஷார்ட் அண்ட் ஸ்வீட்' என்ற பத்து நிமிட நாடக விழா பின்னர் சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. ஆகவே நாம் தனியாக இல்லை.

இனி, நம் தோட்டத்து வாழ்க்கையிலிருந்தே ஒரு நாடகத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். பொருள், குடிப்பழக்கம். இந்தப் பொருளில் நாம் வழக்கமாகப் பார்க்கும் நாடகம் எப்படி இருக்கும்? கணவன் தள்ளாடிக்கொண்டு வருவான். கூட்டம் சிரிக்கும். மனைவியை அடிப்பான். மனைவி அழுவாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். மருத்துவர் வந்து குடியின் தீமைகளை ஐந்து நிமிடம் எடுத்துரைப்பார். கணவன் உடனே மனம் திருந்தி, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்வான். கூட்டம் கை தட்டும். வீட்டுக்குப் போகும்போது அதில் ஒரு சொல்லாவது நினைவில் நிற்குமா? நிற்பது அந்தத் தள்ளாட்டந்தான். குடியைக் கண்டிக்க வந்த நாடகம் குடிகாரனை வேடிக்கைப் பொருளாக்கிவிட்டுப் போய்விடுகிறது.

அதே பொருளை இப்படிச் செய்தால் என்ன? சம்பள நாள் மாலை. அடுப்படியில் தாய் மாவு பிசைகிறாள். பன்னிரண்டு வயது மகள் பள்ளியிலிருந்து கொண்டுவந்த ஒரு தாளைக் கையில் வைத்திருக்கிறாள். பரீட்சைக் கட்டணம் கட்டச் சொல்லும் தாள். "அப்பா வரட்டும். கடைக் கடனை அடைச்சிட்டு, மொதல்ல உனக்குத்தான்" என்கிறாள் தாய். தந்தை வருகிறான். தள்ளாடவில்லை. சம்பள உறையை மகளிடம் நீட்டிவிட்டு, "கொஞ்சம் தண்ணி குடு" என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுகிறான். தாய், "என் கையெல்லாம் மாவு. நீயே எண்ணிச் சொல்லும்மா" என்கிறாள். மகள் வாய்விட்டு எண்ணத் தொடங்குகிறாள். பாதியில் உறை காலியாகிவிடுகிறது. அவள் குரல் நின்றுவிடுகிறது. மறுபடியும் எண்ணுகிறாள், இம்முறை ஓசையில்லாமல். தந்தையைப் பார்க்கிறாள். அவன் தரையைப் பார்க்கிறான். "எவ்வளவு இருக்கு?" என்று தாய் கேட்கிறாள். மகள், "சரியா இருக்கும்மா" என்கிறாள். பிறகு அந்தத் தாளை நான்காக மடித்துப் புத்தகத்துக்குள் வைக்கிறாள். தாய் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாள். தந்தை வாங்கிக்கொள்கிறான்; குடிக்கவில்லை. நாடகம் முடிகிறது.

ஐந்தாறு நிமிடம். மூன்று பேர். ஓர் உறை, ஒரு தாள், ஒரு குவளை தண்ணீர். கள் என்ற சொல்லோ சாராயம் என்ற சொல்லோ ஓரிடத்திலும் இல்லை. ஆனால் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் சும்மா போக மாட்டார்கள். அந்தப் பெண் பொய் சொன்னது சரியா? தாய்க்கு உண்மை தெரியாதா, அல்லது தெரிந்துதான் கேட்டாளா? அடுத்த மாதம் அந்த வீட்டில் என்ன நடக்கும்? வீடு போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டு போவார்கள். பார்ப்பவருடைய பாதி வேலை என்று முன்பு சொன்னோமே, அது இதுதான். சிலர் பேசாமலும் போவார்கள். அவர்களுக்குத்தான் நாடகம் மிகவும் எட்டியிருக்கும்.

இந்த எடுத்துக்காட்டுகளிலிருந்து, ஒரு சிறு நாடகத்தைப் பார்க்கும்போது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய சில கேள்விகளைத் தொகுத்துக்கொள்வோம்.

முதலாவது, இங்கே யாருக்கு என்ன வேண்டும்? அதைத் தடுப்பது எது? இது முதல் இரண்டு நிமிடத்துக்குள் விளங்கிவிட வேண்டும். விளங்காவிட்டால் பழுது நம்மிடம் இல்லை, நாடகத்தில்தான்.

இரண்டாவது, மேடைக்கு வந்த பொருள்கள் வேலை செய்கின்றனவா? நாற்காலி, மேசை, பூச்சாடி என்று வரிசையாக வைத்துவிட்டு ஒன்றையும் தொடாமல் போகும் நாடகம் உண்டு. நம் கதையிலே அந்த உறை கைமாறும்போதெல்லாம் கதையும் நகர்கிறது.

மூன்றாவது, பேச்சு அந்த மனிதர்களுடைய பேச்சாக இருக்கிறதா? லயத்து அடுப்படியில் நிற்கும் தாய் மேடைப் பேச்சாளரைப் போல அடுக்குமொழி பேசினால், அவள் நம் வீட்டுத் தாயாக இருக்க மாட்டாள். திரைப்பட வசனத்தை எடுத்து வைப்பதும் அப்படித்தான்; கைதட்டல் கிடைக்கும், கதை செத்துப்போகும்.

நான்காவது, மௌனத்துக்கு இடம் இருக்கிறதா? நடிகர்கள் ஒலிபெருக்கியின் முன்னே வரிசையாக வந்து நின்று மாறி மாறிப் பேசிவிட்டுப் போவது நாடகமாகாது. அந்தப் பெண்ணின் குரல் நிற்கும் நொடியில் ஒருவரும் பேசாதிருக்க வேண்டும். நடிகர்களுக்கு அதற்குத் துணிவு வேண்டும். பார்ப்பவர்களாகிய நமக்குப் பொறுமை வேண்டும். அந்த நேரம் பார்த்துச் சீட்டியடிப்பதும், பக்கத்திலிருப்பவரிடம் கதை சொல்வதும் நாடகத்தின் கழுத்தை நெரிப்பதற்குச் சமம்.

ஐந்தாவது, முடிவை யார் சொல்கிறார்கள்? கடைசியில் ஒருவர் முன்னால் வந்து நீதியை எடுத்துச் சொன்னால், பார்ப்பவர்களுக்கு அது விளங்கியிருக்காது என்று எழுதியவர் நினைக்கிறார் என்று பொருள். தோட்டத் தொழிலாளிக்கு எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லியாக வேண்டும் என்ற எண்ணம் வெளியார் பலருக்கு இருந்தது. நம் பிள்ளைகள் எழுதும் நாடகத்திலும் அந்த எண்ணம் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாம் அறிந்தவர்கள் என்று மதித்து எழுதப்பட்ட நாடகமே நல்ல நாடகம்.

இதனால் பழைய கூத்தைக் குறைத்துச் சொன்னதாக யாரும் எண்ண வேண்டாம். மாசி மாதத்தில் காமன் நடுவதும், ஊரே கூடி ஆடுவதும், இறுதியில் காமனைத் தகனம் செய்வதும் வேறு வகைச் செல்வம். அங்கே எல்லாரும் அறிந்த கதையை எல்லாரும் சேர்ந்து கொண்டாடுகிறோம். சிறு நாடகத்திலே யாரும் இதுவரை வெளியே சொல்லாத ஒன்றை ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கேட்கிறோம். அது திருவிழாவுக்குரியது, இது வெள்ளிக்கிழமை மாலைக்கும் உரியது. இரண்டும் நமக்கு வேண்டும்.

வரும் தீபாவளிக்கோ பள்ளி விழாவுக்கோ உங்கள் பிள்ளைகள் ஒரு சிறு நாடகம் போட முன்வந்தால், துணி வாங்கவும் சாயம் வாங்கவும் பணம் கேட்பதற்கு முன்னால், இதில் யாருக்கு என்ன வேண்டும் என்று ஒரு முறை அவர்களைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பாட்டி முதன்முதலில் பால் வெட்டப் போன நாளையும், தோட்டத்தை விட்டுப் புறப்பட்ட நாளையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். எழுதுவது அவர்கள் வேலை. நாடகம் நடக்கும்போது முன்வரிசையில் அமைதியாக உட்கார்ந்து பார்ப்பதும், முடிந்தபின் நன்றாக இருந்தது என்று சொல்லி எழுந்துவிடாமல், எது நன்றாக இருந்தது, எது பொருந்தவில்லை என்று அவர்களோடு உட்கார்ந்து பேசுவதும் நம் வேலை. அப்படிப் பேசும் பெரியவர்கள் இருக்கும் இடத்தில் பிள்ளைகள் அடுத்த நாடகத்தை இன்னும் நன்றாக எழுதுவார்கள்.